சிக்ஸரின் விலை

ஐம்பத்திரண்டு டெஸ்ட் ஆட்டங்களில் 6,996 ஓட்டங்களைக் குவித்து, எழுபதே தடவை ஆட்டமிழந்து, 99.94 என்ற சராசரியைப் பின்வந்தோர் எவரும் எட்ட முடியாத உயரத்தில் நிறுத்திவிட்டுப் போன டொனால்ட் பிராட்மன், தம் டெஸ்ட் வாழ்க்கை முழுவதிலும் அடித்த சிக்ஸர்கள் ஆறே ஆறு என்று சொன்னால், ஊவா மலைத்தோட்டங்களான மீரியபெத்தவிலும் பூணாகலையிலும் இன்று கையடக்கத் தொலைபேசியில் கிரிக்கெட் ஆடும் சிறுவன் நம்ப மறுப்பான். அந்த ஆறையும் அவன் ஒரே ஓவரில், இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிடுவதற்குள் அடித்து முடித்துவிடுகிறான். பேஸ்போல் காணொளி விளையாட்டுகளில், சிக்ஸருக்கு ஒப்பான ஹோம் ரன் மெய்யான ஆட்டத்தில் விழும் அளவுக்கே விழுகிறதா, மிதமிஞ்சி விழுகிறதா என்று அமெரிக்க ரசிகர்கள் வருஷக்கணக்காகத் தர்க்கம் செய்து வருகிறார்கள். சிக்ஸரைப் பற்றி நம் பக்கத்தில் அந்த விசாரணை இன்னும் தொடங்கவில்லை. தொடங்க வேண்டிய இடம் மலைநாடுதான் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு.

ஊவாத் தோட்டங்களில் சமநிலம் அபூர்வமான பொருள். தொழிலாளரைக் காலையில் கூட்டிக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களமும், கோயில் முன்றிலும், பாடசாலை முற்றமும் நீங்கலாக, பந்து உருளாமல் நிற்கும் இடம் கிடைப்பது கஷ்டம். மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் கோயிலையும் மூடி, எஞ்சியோர் கொஸ்லந்தை, பூணாகலைப் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தபோது, உற்றாரையும் உறைவிடத்தையும் பறிகொடுத்த அந்தப் பிள்ளைகள் ஓடி விளையாடிய சொற்ப நிலத்தையும் சேர்த்தே இழந்தார்கள். ஊவாவின் பெயரைத் தாங்கிய ஓர் அணி 2012ஆம் ஆண்டு இலங்கை பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்றதே, அந்தத் தொடரில் ஓர் ஆட்டமாவது ஊவா மண்ணில் நடந்ததா என்றால் இல்லை. கொழும்பு பிரேமதாச மைதானத்தோடும் பல்லேகலையோடும் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகவே முழு அளவான மைதானமும், சீராகப் புல் வெட்டிய களமும், எழுபது யார் தூரத்தில் எல்லைக்கோடும் இந்தப் பிள்ளையின் கண்ணில் தினந்தோறும் படுவது தொலைபேசித் திரையிலேதான். அந்தத் திரை அவனுக்குப் பொழுதுபோக்காக இருப்பதோடு உபாத்தியாயராகவும் இருக்கிறது. உபாத்தியாயர் பொய் சொல்லக்கூடாது.

பிரட்டுக்களத்தில் நடக்கும் மென்பந்து ஆட்டத்தின் சட்டங்களை ஊன்றிப் பார்த்தால், எழுத்தில் இல்லாத ஒரு தர்ம நியாயம் அவற்றுக்குள் இயங்குவது புலப்படும். தேயிலைக்குள் பந்து நேரே பறந்து விழுந்தால் ஓர் இடத்தில் ஆட்டமிழப்பு. இன்னோர் இடத்தில் இரண்டே ஓட்டம். அடித்தவனே வடிகானுக்குள் இறங்கித் தேடி எடுத்து வரவேண்டும் என்பது பெரும்பாலும் எங்கும் பொது. பந்து தொலைந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. ஆறு ஓட்டம் வேண்டுமானால் அதற்கு ஈடாக ஒன்றைப் பணயம் வைக்க வேண்டும் என்ற உண்மையை, கணிதம் எதுவும் கற்பிக்காமலே, அந்தச் சரிவு கற்பித்துவிடுகிறது.

மழை விடாமல் பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆடப்பட்ட வேறொரு கிரிக்கெட்டும் நமக்கு உண்டு. பாடப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து, இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்ப்பது: இரண்டு, நாலு, ஆறு என்றால் அத்தனை ஓட்டம், பூச்சியம் என்றால் ஆட்டமிழப்பு, எட்டுக்குச் சில வகுப்பறைகளில் ஒன்றுமில்லை, சிலவற்றில் ஓர் ஓட்டம். இடப்பக்கங்கள் யாவும் இரட்டை எண்களாதலால் வரக்கூடிய முடிவுகள் ஐந்துதான். ஒவ்வொன்றுக்கும் சமமான சாத்தியம். எட்டுக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஐந்து பந்துக்கு ஒரு விக்கெட், பத்து விக்கெட்டுக்கு ஐம்பது பந்து, மொத்தம் நூற்றிருபது ஓட்டம், அதற்குள் பத்துச் சிக்ஸர் என்பது ஓர் இன்னிங்ஸின் சாமானிய வடிவம். ஐம்பது பந்தில் பத்துச் சிக்ஸரா, இது யதார்த்தத்துக்குப் புறம்பானது என்று எவரும் சட்டென்று தள்ளிவிடலாம். ஆனால் வேறொரு விகிதத்தைக் கவனியுங்கள்: சிக்ஸர் பத்து, விக்கெட்டும் பத்து. ஒவ்வொரு சிக்ஸருக்கும் ஒரு பூச்சியம் எங்கோ ஒரு பக்கத்தில் காத்திருக்கிறது.

பந்துகளை விட்டுவிட்டு, ஆட்டமிழப்புகளோடு சிக்ஸர்களை ஒப்பிடும் இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு மெய்யான கிரிக்கெட்டுக்குள் புகுந்தால் ஆச்சரியமான காட்சிகள் தென்படுகின்றன. பிராட்மனுக்கு எழுபது ஆட்டமிழப்புக்கு ஆறு சிக்ஸர். ஏறத்தாழப் பன்னிரண்டுக்கு ஒன்று. 1996 ஏப்ரலில் சிங்கப்பூரில் பாக்கிஸ்தானுக்கு எதிராக 48 பந்துகளில் சதமடித்து, 134 ஓட்டங்களுக்குள் பதினொரு சிக்ஸர்களை அடக்கி, ஒருநாள் ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றி எழுதிய நமது சனத் ஜயசூரிய, தம் 445 ஒருநாள் ஆட்டங்களில் 270 சிக்ஸர் அடித்தார், 415 முறை ஆட்டமிழந்தார். ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு. அதே ஆண்டு ஒக்டோபரில் நைரோபியில் இலங்கைப் பந்துவீச்சைச் சிதறடித்து 37 பந்துகளில் சதம் கண்ட சாஹிட் அப்ரிடியின் ஒருநாள் வாழ்க்கையைப் பாருங்கள்: சிக்ஸர் 351, ஆட்டமிழப்பு 342. புத்தகத்தைப் பிரித்து ஆடிய மாணவர்கள் கற்பனையில் சிருஷ்டித்த துடுப்பாட்டக்காரர் மெய்யாகவே ஒருவர் பிறந்து, கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஆடி, அவர்களுடைய விகிதத்தை ஏறக்குறைய அப்படியே நிரூபித்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தியப் பிரிமியர் லீக்கிலும் இந்த விகிதம் நகர்ந்தே வந்திருக்கிறது. 2009இல் தொடர் முழுவதிலும் 506 சிக்ஸர். அது விழுந்த விக்கெட்டுகளின் தொகைக்குக் குறைவு. 2024இல் 1,260 சிக்ஸர். அது விக்கெட்டுகளின் தொகையை வெகுதூரம் தாண்டிவிட்டது. கொல்கத்தாவும் பஞ்சாபும் அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் திகதி மோதிய ஒரே ஆட்டத்தில் நாற்பத்திரண்டு சிக்ஸர்கள் பறந்தன. இருப்பினும் அந்தத் தொடரிலேகூட, பந்துக் கணக்கில் பார்த்தால், பதின்மூன்று அல்லது பதினான்கு பந்துக்கு ஒன்றுதான். அக்கணக்கில் புத்தக கிரிக்கெட் பெரும் பொய். விகிதக் கணக்கில் அது 2009க்கும் 2024க்கும் நடுவே எங்கோ நிற்கும் மெய். ஒரு விளையாட்டின் பிரதிபிம்பத்தைச் சோதிக்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட நல்ல பிரமாணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எந்தக் காலத்து ஆட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. 1910ஆம் ஆண்டுவரை இங்கிலாந்தில் பந்து மைதானத்தை விட்டே வெளியேறினால்தான் ஆறு ஓட்டம். எல்லைக்கோட்டுக்கு அப்பால் விழுந்தால் நாலுதான். பின்னாளில் அவுஸ்திரேலியத் தலைவரான ஜோ டார்லிங் 1898 ஜனவரியில் அடிலெய்ட் மைதானத்துக்கு வெளியே அடித்த அடியை, ஓடி எடுக்காமல் டெஸ்டில் கிடைத்த முதல் சிக்ஸராக நூல்கள் குறித்திருக்கின்றன. பேஸ்போலின் கதையும் இதுதான். 1911இல் அமெரிக்கன் லீக்கில் அதிகமாக ஹோம் ரன் அடித்த பிராங்க் பேக்கர் அடித்தது பதினொன்று. அவ்வாண்டு வேர்ல்ட் சீரிஸில் அவர் அடித்த இரண்டே ஹோம் ரன்களின் பொருட்டு 'ஹோம் ரன் பேக்கர்' என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது. 1920இல் பேப் ரூத் தனியொருவராக ஐம்பத்து நாலு அடித்தார். அந்த லீக்கின் மற்ற ஏழு அணிகளில் எதுவுமே, அணி முழுவதும் சேர்ந்தும், அத்தனை அடிக்கவில்லை. 2019இல் மேஜர் லீக் முழுவதிலும் 6,776 ஹோம் ரன்கள். ஆகவே, புள்ளிவிவரத்தை ஆதாரமாகக் கொண்டு அமைந்த 'அவுட் ஒஃப் த பார்க்' போன்ற பேஸ்போல் விளையாட்டுகள், எந்த ஆண்டின் ஆட்டம் வேண்டும் என்று கேட்டு, அந்த ஆண்டின் அளவுக்கு ஹோம் ரன்னை ஏற்றியும் இறக்கியும் தருகின்றன. 1961இல் ஹால் ரிச்மன் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மெட்டிக் என்ற சீட்டும் பகடையும் கொண்ட விளையாட்டிலேயே அந்தச் சிரத்தை தொடங்கிவிட்டது. மெய்யான வீரன் முந்திய பருவத்தில் எப்படி ஆடினானோ அப்படியே அவன் சீட்டும் ஆடும்.

கிரிக்கெட் விளையாட்டுகளுக்கு அந்தச் சிரத்தை இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை. 2006இன் இறுதியில் வெளிவந்து, தொடரை நிறுத்திவிட்ட பின்னும் தெற்காசியாவின் பழைய கணினிகளில் உயிரோடு உலவிவரும் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் 'கிரிக்கெட் 07' ஆகட்டும், சென்னையிலுள்ள நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா நிறுவனத்தார் உருவாக்கிப் பல நாடுகளின் தொலைபேசிகளில் குடியேற்றிய 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' ஆகட்டும், இலகுவான நிலையில் ஆடும்போது, பந்தின் நீளத்தையும் சுழற்சியையும் அதிகம் பொருட்படுத்தாமல், விரலை உரிய கணத்தில் அழுத்தினாலே பந்து அரங்கத்துக்குள் விழுந்துவிடுகிறது. தமிழர் கையால் உருவான ஒரு விளையாட்டு உலகெங்கும் ஆடப்படுவதில் எனக்குள்ள பெருமிதம் கொஞ்சமன்று. அதனாலேயே இந்தக் குறை உறுத்துகிறது. அங்கே சிக்ஸர்கள் ஏராளமாக விழுவது கிடக்கட்டும், அவற்றுக்கு நடுவே ஒரு விக்கெட் விழுவதே அபூர்வமாக இருக்கிறது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற பிராட்மனும், சரிக்குச் சரி என்ற அப்ரிடியும் அறியாத ஒரு மூன்றாவது உலகம் அது. துடுப்பின் விளிம்பில் பட்டு எல்லைக்கோட்டருகே பிடிகொடுத்தல், காற்றை எதிர்த்து அடித்துத் தோற்றல், முரளிதரனைப் போன்ற ஒருவர் ஆசை காட்டி வீசும் மெதுவான பந்தில் ஏமாந்து இறங்கி ஸ்டம்பிங் ஆதல் ஆகிய நஷ்டங்களெல்லாம் அந்த உலகத்துக்குள் வருவது கடினமான நிலைகளில் மட்டுமே. சிறுவர்கள் அந்த நிலைகளைத் தேடிப் போவதில்லை.

காற்று என்றதும் எங்கள் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கிறது. 1999இல் அங்குள்ள கூர்ஸ் மைதானத்தில் மட்டும் 303 ஹோம் ரன்கள் விழுந்தன. அதைக் குறைக்கவே 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்தே எடுத்து வருகிறார்கள். ஆயிரத்திருநூறு மீற்றருக்கு மேற்பட்ட தியத்தலாவையிலும் அதே பௌதிகம்தான் ஆட்சி செய்கிறது. போயர் யுத்தக் கைதிகளை ஆங்கிலேயர் அடைத்து வைத்த அந்த முகாமிலிருந்து ஓர் அணி 1901 ஜூலையில் கொழும்புக்கு இறங்கிக் கோல்ட்ஸ் கழகத்தோடு கிரிக்கெட் ஆடியது. மலையில் பழகிய கைகளுக்குக் கடலோரத்துக் கனத்த காற்றில் பந்து சற்று முன்னதாகவே விழுந்திருக்க வேண்டும். தென்னாபிரிக்காவின் உயர்ந்த மைதானங்களையும் மும்பையையும் ஒரே காற்றால் நிரப்பிவிடும் விளையாட்டுகளில் இந்த வேற்றுமைக்கு இடமில்லை. இது சிறு குறை, மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது வேறொன்று. தொலைபேசியில் பெரும்பாலோர் ஆடுவது இரண்டு ஓவர், ஐந்து ஓவர் ஆட்டங்கள். ஐந்து ஓவரில் முப்பது பந்து, விக்கெட்டோ பத்து. ஆக, மூன்று பந்துக்கு ஒரு விக்கெட் வீதம் செலவழிக்க உரிமை உண்டு. இருபது ஓவர் ஆட்டத்தில் பன்னிரண்டு பந்துக்கு ஒன்று. ஒருநாள் ஆட்டத்தில் முப்பது பந்துக்கு ஒன்று. ஆறு பந்தும் இரண்டு விக்கெட்டும் கொண்ட சூப்பர் ஓவரில்தான் மூன்றுக்கு ஒன்று என்ற இந்த ஊதாரித்தனம் மெய்யான கிரிக்கெட்டில் அனுமதிக்கப்படுகிறது. அங்கேயும் ஒவ்வொரு பந்தையும் தூக்கியே அடிக்கப் பார்க்கிறார்கள். எனவே ஐந்து ஓவர் தொலைபேசி ஆட்டம் என்பது ஐந்து சூப்பர் ஓவர்களை வரிசையாகக் கோத்ததே. துடுப்பின் பலத்தைக் குறைத்தாலும், எல்லைக்கோட்டைத் தள்ளிப் போட்டாலும், இழப்பதற்குப் பத்து விக்கெட் கையிலிருக்கும்வரை தரையோடு ஆடுவதற்கு எந்தச் சிறுவனுக்கும் காரணமே கிடையாது. அவன் புத்திசாலித்தனமாகத்தான் ஆடுகிறான்; அந்தப் புத்தியோடு பதுளையில் ஒரு கடினபந்து ஆட்டத்துக்குப் போய் முதல் பந்தையே தூக்கி அடித்துப் பிடிகொடுத்துத் திரும்பும்போது, பயிற்றுநர் அவனைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

பரிகாரம் எளிது. இருபது ஓவர் ஆட்டத்தின் பன்னிரண்டு பந்துக் கணக்கையே பேணினால், முப்பது பந்துக்கு இரண்டரை விக்கெட் வருகிறது; மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து அந்த மாற்றம் வரும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதுமில்லை. பிரட்டுக்களத்துக்குத் தாங்களே சட்டம் வகுத்துக்கொண்டவர்கள் தொலைபேசிக்கும் ஒன்று வகுத்துக்கொள்ளலாம்: ஐந்து ஓவர் ஆட்டத்தில் மூன்றாவது விக்கெட் விழுந்ததும், எத்தனை பந்து மிச்சமிருந்தாலும், எடுத்த ஓட்டத்தைக் கொப்பியில் எழுதிவிட்டு, தொலைபேசியை அடுத்தவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.