செல்லின் வாசலோடு நின்றுவிடும் ஜெல்

அமினோ அமிலச் சிறு சங்கிலிகளான பெப்டைடுகள் நீரைப் பிடித்து உருவாக்கும் பெப்டைடு ஹைட்ரோஜெல் மருந்தைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று ஆய்வேடுகள் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகின்றன. அந்த ‘உள்ளே’ எனக்கு உறுத்துகிறது.

பொருள் அருமையானதுதான். எம்.ஐ.டி.யில் ஷுகுவாங் ஜாங் குழு உருவாக்கிய ராடா16-இல் 16 அமினோ அமிலங்களே உள்ளன. நீரோடு ஒட்டுவதும் ஒட்டாததும் மாறி மாறி வரும். உடலின் உப்பு பட்டதும் அவை தாமாகவே இழைகளாகப் பின்னி, 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அமினோ அமிலங்களாகவே கரைந்துவிடும். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்த கொலாஜன் மூவிழைச் சுருளைப் பெப்டைடுகளால் பின்னி, 2011-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெல் செய்து காட்டினார்கள். நம் ஊரில் பிறந்த கருத்து அவ்வளவு தூரம் போயிருப்பது எனக்குப் பெருமை.

ஆனால் மருத்துவமனைவரை வந்தவற்றைப் பாருங்கள். லான்ரியோடைடு என்னும் பெப்டைடு மருந்தின் ஊசி தோலுக்கடியில் ஜெல்லாகத் தங்கி நான்கு வாரம் மருந்து கசியவிடுகிறது; அந்த மருந்து பற்றுவதோ செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியை. ராடா16 ரத்தக்கசிவை அடைக்கிறது. இரண்டுக்கும் செல்லுக்குள் நுழையும் வேலையே இல்லை. நுழைய வேண்டிய பெரிய மூலக்கூறுகளைச் செல் பெரும்பாலும் எண்டோசோம் என்னும் பைக்குள் விழுங்குகிறது. பை அமிலமாகிறது, சரக்கில் பெரும்பகுதி உள்ளேயே செரிக்கப்படுகிறது. ஜெல்லுக்கு அந்தப் பையைக் கிழிக்கும் திறன் தானாக வருவதில்லை. சிறிய மருந்துகளோ ஜெல்லின் கண்ணிகளுக்குள் நிற்காமல் முதல் நாளிலேயே பெருமளவு ஓடிவிடக்கூடும்.

அதற்காக ஜெல் வீண் என்று சொல்லவில்லை. விழுப்புரம் அருகே வளவனூரில் சர்க்கரைப் புண் உள்ள ஒருவர் கட்டு மாற்ற முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி போயிற்று. அவருக்கு இந்த ஜெல் உதவக்கூடும் என்றே நம்புகிறேன். புண்ணை ஆற்றும் வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகளும் செல்லின் வெளிப்பரப்பில்தான் இருக்கின்றன. மெல்ல மெல்லக் கசிந்தால் கட்டு மாற்றும் நாள்களும் குறையலாம்.

சிக்கல் வேறிடத்தில். ஆறாத புண்ணில் புரதத்தை வெட்டும் நொதிகள் மிகுதி; பெப்டைடையும் அவை வெட்டும். கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிய அமினோ அமிலங்களில் செய்தால் நொதிக்குத் தப்பும், ஆனால் எளிதில் கரைந்துபோகும் நற்குணம் போய்விடும், விலையும் ஏறும். ஏற்கெனவே, 1963-இல் வேதியியலாளர் மெரிஃபீல்டு காட்டிய வழியில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் செய்வதால் கரைப்பான் செலவு கடுமை. ஆகவே ஆய்வகத்தில் எலியின் சுத்தமான வெட்டுக்காயத்தில் கிடைத்த வெற்றி எனக்குப் போதாது. சீழும் நீரும் வடியும் பாதப் புண்ணில், வெயில்காலத்தில், இந்த ஜெல் எத்தனை நாள் தாங்குகிறது என்று முதலில் அளந்து காட்டட்டும்.