புள்ளி வைத்த ப்ரொஃபைல்

ஸ்பேஸ்ஹே என்று ஒரு சமூக வலைத்தளம் இருக்கிறது. இன்னும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் இன்றைக்கே போய்ப் பாருங்கள். ஒவ்வொருவர் பக்கமும் ஒவ்வொரு தினுசு. ஒன்றில் பின்னணி முழுக்க நட்சத்திரம் மினுக்கும், அடுத்ததில் கருப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும், இன்னொன்றில் திரும்பிய பக்கமெல்லாம் ரோஸ் கலரும் பூனைக்குட்டியும். வட்டத்துக்குள் ஒரு போட்டோ, கீழே வெள்ளையில் நாலு வரி என்று ஊரே ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும் தளங்களில் வருஷக்கணக்காகப் புழங்கிய எனக்கு, இதைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது.

2020இல், ஜெர்மனியில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவர் தொடங்கியது இது. பழைய மைஸ்பேஸ் தளம் மாதிரியே இருக்கும். 'என்னைப் பற்றி' என்ற பெட்டியில் நம்மைப் பற்றி எழுதலாம். கூடவே ஸ்டைல் என்ற டேக் போட்டு, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் விதிகளையும் எழுதலாம். சேமித்தால் முடிந்தது, பக்கம் நம் சொற்படி மாறிவிடும். தனியாக எதையும் வாங்கவோ இன்ஸ்டால் செய்யவோ வேண்டாம்.

இந்தச் சுதந்திரம் திட்டம் போட்டு வந்ததல்ல. 2003இல் மைஸ்பேஸ் வந்தபோது, பெட்டிக்குள் யாரும் எச்டிஎம்எல் எழுதாதபடி தடுக்க நிரலாளர்கள் மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் அந்தச் சந்தில் நுழைந்து பக்கத்தையே அலங்கரிக்க ஆரம்பித்தார்கள். நிறுவனமும் கதவைச் சாத்தாமல் விட்டது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான். மைஸ்பேஸ் பக்கத்தில் முக்கால்வாசிப் பகுதிகளுக்குப் பெயரே கிடையாது. டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள். அதனால் 'டேபிள் டேபிள் டேபிள் டிடி' என்று எத்தனையாவது அடுக்கு என்று எண்ணி எண்ணி விதி எழுதினார்கள். எந்தப் பள்ளியிலும் சொல்லித் தராத பாடம்! பதினைந்து வயதில், தனக்குப் பிடித்த பாட்டுக்குழுவின் படத்தைப் பின்னணியில் வைக்கவேண்டும் என்ற ஒரே ஆசையில் கற்றுக்கொண்டார்கள்.

அந்தச் சந்தில் விஷமமும் நுழைந்தது. 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற இளைஞர், மைஸ்பேஸில் தன் பக்கத்து சிஎஸ்எஸ்ஸில் பின்னணிப் படத்தின் முகவரி வரவேண்டிய இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஒளித்து வைத்தார். அவர் பக்கத்தைத் திறந்தவர்களிடமிருந்து தானாகவே அவருக்கு நட்புக் கோரிக்கை போனது. திறந்தவர் பக்கத்திலும் அந்த நிரல் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் முடிவதற்குள் கோரிக்கைகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஸ்பேஸ்ஹேயில் அந்த வித்தைக்கு இடமில்லை, ஜாவாஸ்கிரிப்ட் அங்கே ஓடாது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சிஎஸ்எஸ் ஒன்றே போதும்.

எவ்வளவு போதும் என்று காட்டுகிறேன். என் பக்கத்தின் பின்னணி காவி நிறம். அதன்மேல் வரிசை பிசகாத வெள்ளைப் புள்ளிகள். பார்த்தவர்கள் படம் என்றுதான் நினைக்கிறார்கள். படமே இல்லை! ரேடியல் கிரேடியன்ட் என்ற ஒரே வரி. நடுவிலிருந்து 2 பிக்சல் வரை வெள்ளை, 3ஆவது பிக்சலில் ஒன்றுமில்லை என்று சொன்னால் ஒரு புள்ளி கிடைக்கும். பின்னணியின் அளவை 24க்கு 24 பிக்சல் என்று வைத்தால் அந்த ஒரு புள்ளி திரை முழுக்கப் பரவும்: நேர்ப்புள்ளிக் கோலம். அதே வரியை இன்னொரு முறை எழுதி, இரண்டாவது அடுக்கை மட்டும் வலப்பக்கம் 12, கீழே 12 தள்ளினால் ஊடுபுள்ளி வந்துவிடும். எந்தத் திரையில் திறந்தாலும் மங்காது, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. அது முதல்முதலாகத் திரையில் விரிந்த கணத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

அடுத்தது தமிழ் எழுத்து. எழுத்துரு வரிசையில் முதலில் வெர்டானா, அதன்பின் ப்ரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான் என்று கொடுத்திருக்கிறேன். பிரௌசர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கும். ஆங்கில எழுத்து வெர்டானாவிலேயே கிடைத்துவிடும். தமிழ் அதில் இல்லை என்றதும் அடுத்ததற்குப் போய்க் கேட்டமரானை எடுத்துக்கொள்ளும். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் அவரவர் அழகோடு நிற்கும். வரி உயரத்தைத் தமிழுக்குத் தாராளமாக வையுங்கள். ஆங்கிலத்துக்கு 1.3 போதும். நம் எழுத்துக்கோ மேலே 'கீ'யின் சுழி, கீழே 'கூ'வின் வளைவு, 1.7 கொடுத்த பிறகுதான் என் பக்கம் மூச்சு விட்டது.

தலைப்புகளுக்கு ரெபெக்காபர்ப்பிள் என்ற ஊதாவைப் போட்டிருக்கிறேன். சிஎஸ்எஸ் பற்றிப் புத்தகங்கள் எழுதிய எரிக் மேயரின் மகள் ரெபெக்கா, 2014இல் தன் ஆறாவது பிறந்த நாளன்று இறந்துபோனாள். அவளுக்குப் பிடித்த நிறத்துக்கு அவள் பெயரையே வைத்து, சிஎஸ்எஸ்ஸின் நிறப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இப்படி ஈரமுள்ள ஒரு கணினி மொழியை எப்படி நேசிக்காமல் இருப்பது?

சிஎஸ்எஸ் பிறந்த கதையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1994இல் ஹோக்கோன் வியூம் லீ அதை முன்மொழிந்தபோதே, பக்கத்தை எழுதுபவரின் விருப்பமும் படிப்பவரின் விருப்பமும் ஒன்றின்மேல் ஒன்றாக இறங்கிச் சேரவேண்டும் என்றுதான் யோசித்திருக்கிறார். ஒரே வலுவுள்ள இரண்டு விதிகள் மோதினால் பின்னால் வந்ததுதான் செல்லும். ப்ரொஃபைல் அலங்காரத்தின் சூட்சுமமே இதுதான். தளத்தின் விதிகளில் ஒன்றைக்கூட நாம் அழிப்பதில்லை. அவற்றுக்குப் பின்னால் நம் விதியை வைக்கிறோம், அவ்வளவுதான். எந்தப் பகுதிக்கு என்ன பெயர் என்று தெரியவேண்டுமா? ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போங்கள், பக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் தெரியும். அங்கேயே நிறத்தை மாற்றிப் பார்த்து, பிடித்ததை மட்டும் பெட்டிக்குக் கொண்டுவரலாம். ஆட்டம் பாட்டமெல்லாம் வைக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அசைவைக் குறைக்கும்படி போனில் செட்டிங் வைத்திருப்பவர்களுக்காக, அசைவை நிறுத்தும் மீடியா க்வெரி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். சிலருக்குத் தலை சுற்றும்.

அக்கா மகள் காலேஜ் முதல் வருஷம். என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சித்தி, யாரு டிசைன் பண்ணிக் கொடுத்தா?" என்றாள்.

"நானேதான்டி."

"இன்ஸ்டால இப்படிப் பண்ண முடியாதா?"

"அங்க கோலம் போட நமக்கு வாசலே கிடையாதே!"

அன்று ராத்திரியே கணக்குத் தொடங்கிவிட்டாள். என் சிஎஸ்எஸ்ஸை அப்படியே எடுத்துக்கொண்டு காவியை மயில்நீலமாக்கினாள். புள்ளியைச் சுற்றி வளையம் வருமா என்று கேட்டாள். வரும்! அதே கிரேடியன்ட்டில் புள்ளி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மெல்லிசாக ஒரு வெள்ளை. இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டுவிட்டோம். இப்போது சிக்குக் கோலம்தான் வேண்டுமாம். அந்த வளைவுகளுக்கு கிரேடியன்ட் பத்தாது, கோடுகளால் படம் வரையும் எஸ்விஜி எழுதிப் பின்னணியில் வைக்கவேண்டும். நோட்டில் வரைந்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.