நாக்கும் ரசனையும்

மாலையில் ஒரு தட்டுக் காராசேவு. எதிரே டெலிவிஷன். அதில் ஒரு பழைய படம், நடுநடுவே அரசியல் செய்தி. நான் இப்படிக் கழிக்கிற ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று சில நண்பர்கள் நினைக்கலாம். இந்த ஒரு மணி நேரத்தை மறைத்துவிட்டுக் கலை பற்றிப் பேசுவதுதான் போலித்தனம் என்று எனக்குப் படுகிறது.

வெகுஜன ரசனை பற்றி நம்மிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, அது போதை, மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள். மற்றது, அது பாமரனின் எளிய சந்தோஷம். அதில் தலையிட நாம் யார்? முதலாவது கோபம் போலவும் இரண்டாவது பரிவு போலவும் தோன்றும். இரண்டுக்கும் அடியில் இருக்கிற நம்பிக்கை ஒன்றேதான்: பாமரனுக்குத் தரம் பிரிக்கத் தெரியாது.

முறுக்கு விஷயத்தில் இது பொய்யாகிவிடுகிறது. எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் முதல் கடியிலேயே கீழே வைத்துவிடுகிறோம். உளுந்து கூடிவிட்டது, எண்ணெய் காய்வதற்குள் போட்டுவிட்டார்கள் என்று காரணமும் சொல்கிறோம். மணப்பாறை முறுக்கை அரைவேக்காடாகப் பொரித்து, ஆறவைத்து, மறுபடி பொரிக்கிறார்கள். அந்த ஊர்த் தண்ணீரின் உவர்ப்புதான் ருசிக்குக் காரணம் என்றும் சொல்வார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ரயில் நிற்கிற இரண்டு நிமிஷத்தில் ஜன்னல் வழியே வாங்கித் தின்றவர்கள் அந்தத் தீர்ப்பை எப்போதோ சொல்லிவிட்டார்கள். ருசி, ஒப்பீடு, காரணம் மூன்றும் இதில் இருக்கின்றன. விமர்சனத்துக்கு வேறென்ன வேண்டும்?

இதே மனிதன் திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் இந்தத் திறனை எங்கே வைத்துவிடுகிறான்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். முறுக்கு பிழிகிற கையை அவன் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறான். படம் உருவாகிற வேலையை அவனுக்கு யாரும் காட்டவில்லை. நட்சத்திரத்தின் முகத்தைத்தான் காட்டினார்கள். செய்முறை தெரியாத இடத்தில் ரசனை பக்தியாகிவிடுகிறது.

1952-ல் வந்த பராசக்திக்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி 1969-ல் முதலமைச்சரானார். 1977-ல் எம்.ஜி.ஆர். ஆனார். இதை ஜனங்களின் மயக்கம் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். வசனத்தின் தாளத்தை ரசிக்கிற கூர்மையான காது இங்கே இருந்தது. அந்த வசனம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்கிற பழக்கம்தான் வளரவில்லை.

செய்தியின் கதையும் இதுதான். பொட்டலம் மடித்த காகிதத்தைப் பிரித்துப் படித்து வளர்ந்தவன் நான். எண்ணெய் ஊறிய பத்தியில் ஒரு மந்திரியின் வாக்குறுதி இருக்கும். அது போன வருஷத்துப் பேப்பராக இருக்கும். கெடு முடிந்த பிறகு வாக்குறுதியைப் படிப்பது நல்ல அரசியல் பயிற்சி. செய்தித்தாளில் தின்பண்டம் மடிப்பதை 2018-ம் ஆண்டு விதிகள் தடை செய்தன. அச்சு மை உடம்புக்குக் கெடுதல்; தடை சரியானதுதான். ஆனால் பழைய செய்தி தற்செயலாகக் கையில் வந்து விழுகிற வாய்ப்பும் அதோடு போயிற்று.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. பிறகு வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் வந்த காலத்தில், போட்ட பாட்டு தேறுமா என்று வாரம் முழுவதும் சண்டை போட்டோம். இன்று செய்தி நாள் பூராவும் ஓடுகிறது. காலையில் ஒருவர் பேசிய பேச்சு மத்தியானம் பரபரப்பு, இரவில் விவாதம். மணப்பாறையில்கூட இரண்டு முறைதான் பொரிக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சிக்கு வாடை எனக்கும் தெரிவதில்லை.

சின்னச் சந்தோஷங்களைத் துறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது முடியாது. நாக்குக்கு இருக்கிற நேர்மை கண்ணுக்கும் காதுக்கும் வர வேண்டும் என்கிறேன். அதற்கு விமர்சகன் அடுப்படியைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். இத்தனை வருஷங்களாக நாம் தீர்ப்பை மட்டும் பரிமாறிக்கொண்டிருந்தோம், அதுவும் நமக்குள்ளேயே.