ஃபார்மேட் அடிக்காத கை

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று எந்த ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு கேள்வி காதில் விழாமல் திரும்ப முடியாது: "ஃபார்மேட் அடிச்சிரலாமா, அண்ணாச்சி?" சிஸ்டம் பூட் ஆகவில்லை என்று தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு அவசரம். கடைக்காரருக்கு வரிசையில் இன்னும் நாலு மெஷின். சி டிரைவைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிட்டால் சாயங்காலத்துக்குள் கொடுத்து அனுப்பிவிடலாம். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காத சிலரும் இங்கே உண்டு. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து ஏறிய மெஷின் இரண்டில் எதுவும் திறக்காமல் கறுப்புத் திரையில் நின்றுபோனால், உள்ளே இருக்கிற ஒரு ஃபைலுக்கும் சேதமில்லாமல் அதை எழுப்பித் தருகிறவர்கள். அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த காரியம்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் இரட்டை இயங்குதளம் நுழைந்தது பெரும்பாலும் அரசு லேப்டாப் வழியாகத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்காகத் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிய தொடக்ககால மெஷின்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, தமிழிலும் இயங்கும். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் பலவற்றுக்கு முதன்முதலாக வந்த கம்ப்யூட்டரே அதுதான். கொஞ்ச நாளில் படமும் பாட்டும் நிறைந்து இடம் போதாமல் போகும். வீட்டில் யாராவது விண்டோஸுக்குள் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறப்பார்கள். அங்கே எழுத்துப் பெயர் இல்லாமல் சில பார்ட்டிஷன்கள் சும்மா கிடப்பதுபோல் தெரியும். அழித்துவிடுவார்கள். அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த முறை ஸ்விட்சைப் போடும்போது 'கிரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொல்லோடு திரை நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது என்பதில்தான் இந்தக் கலையின் அழகே இருக்கிறது. பழைய பயாஸ் முறையில், வட்டின் முதல் செக்டார் 512 பைட். கடைசி 2 பைட் முத்திரை. அதற்கு முன் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, நாலே நாலு வரிகள். மீதி 446 பைட்டுக்குள் இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடரின் முதல் துண்டு அடங்கியாக வேண்டும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகிறது. அந்தக் கணக்கில் 149 குறிகளுக்குக்கூட அங்கே இடமில்லை. அவ்வளவு சின்ன இடத்தில் உட்கார்ந்திருக்கிற நிரலால் ஒரு ஃபைல் சிஸ்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் அது செய்வது ஒரே வேலை: அடுத்த துண்டு எந்த செக்டாரில் இருக்கிறதோ அதை வாசித்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். அந்த இரண்டாம் துண்டு லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் மூன்றாம் துண்டைத் தேடிப் போகும். அது பட்டியலைக் காட்டும். பட்டியல் கெர்னலை ஏற்றும். பட்டாசுக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. திரியிலிருந்து கொஞ்ச மருந்துக்கு, அதிலிருந்து நிறைய மருந்துக்கு என்று நெருப்பு கைமாறிப் போகிற கணக்குதான். பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்தபோது போனது மூன்றாம் துண்டு. விண்டோஸ் முழுசாக அப்படியே இருக்கிறது. அதன் முறை வருவதற்குள் சங்கிலி அறுந்துவிட்டது.

நல்ல கைகளின் முதல் அடையாளம், எங்கே அறுந்தது என்பதைத் திரையிலேயே படித்துவிடுவது. லினக்ஸின் ஆரம்ப காலத்தில், 1992 வாக்கில், வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்ற பூட்லோடர் இதற்கு மிக அழகான ஏற்பாடு வைத்திருந்தது. அதன் பெயரின் நாலு ஆங்கில எழுத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழும். ஒவ்வொன்றும் ஒரு படி தாண்டியதற்குச் சாட்சி. 'எல்' மட்டும் வந்து எண்கள் ஓடினால் இரண்டாம் கட்டத்தை ஏற்ற முடியவில்லை. 'எல், ஐ' என்று நின்றால் ஏற்றியாகிவிட்டது, ஓட்ட முடியவில்லை. நாலு எழுத்தும் வந்துவிட்டால் கவலை இல்லை. நோய்க்குறிப்பைப் பெயருக்குள்ளேயே வைத்த அந்த யோசனையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 1995-ல் எரிக் போலின் தொடங்கிய கிரப் என்ற பூட்லோடரிலும் இதன் சாயல் உண்டு. முதல் துண்டு 'கிரப்' என்று எழுதும். அடுத்தது 'லோடிங்' என்று சேர்க்கும். 'கிரப்' என்பதோடு திரை உறைந்துவிட்டதா, ரெஸ்க்யூ வரை வந்துவிட்டதா என்பதை வைத்தே தேர்ந்த ஆள் பாதி முடிவுக்கு வந்துவிடுவார். ரெஸ்க்யூ வந்திருந்தால் முதல் இரண்டு துண்டும் நலம் என்று அர்த்தம். பதறுகிற மற்றவர்களுக்கு அது பிழைச்செய்தி. அவருக்கு அது நல்ல செய்தி.

ஒரு காலண்டர் அச்சகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்து ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட்டதிலிருந்து மார்கழி வரைக்கும் சிவகாசி அச்சகங்களில் டிசைனர் மேஜை ஓய்வதில்லை. அந்த நேரத்தில் கோரல் டிராவும் போட்டோஷாப்பும் இருந்த மெஷின் நின்றுவிட்டது. முதலாளியின் மகன் கல்லூரிப் படிப்புக்காக அதிலேயே லினக்ஸும் ஏற்றியிருந்தான். ஈ டிரைவைக் காலி செய்து பார்ட்டிஷனையே அழித்திருக்கிறார்கள். லினக்ஸில் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் திரையில் 'அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை' என்ற பிழையும் ரெஸ்க்யூவும். சரிசெய்ய வந்த தம்பியிடம் முதலாளி கேட்டார்:

"தம்பி, உள்ள இருக்கிற டிசைன் எல்லாம் போச்சா?"

"ஒண்ணும் போகல அண்ணாச்சி. நம்பர்தான் மாறிருச்சு."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. நீட்டிப்புப் பார்ட்டிஷனுக்குள் இருக்கிறவற்றுக்கு எண் 5-லிருந்து தொடங்கும். ஈ டிரைவ் 5, லினக்ஸின் ஸ்வாப் பகுதி 6, லினக்ஸ் 7 என்று இருந்தது. 5 போனதும் ஸ்வாப் 5 ஆகிவிட்டது, லினக்ஸ் 6 ஆகிவிட்டது. கிரப் தன் இரண்டாம் துண்டில் குறித்து வைத்திருந்தபடி 7-ஐத் தேடுகிறது. 7 என்று ஒன்று இப்போது கிடையாது.

அந்தத் தம்பி 'எல்எஸ்' என்று தட்டினார். இருக்கிற பார்ட்டிஷன்கள் அடைப்புக்குறிக்குள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்த்தார். விண்டோஸ் பார்ட்டிஷன்களுக்கு 'தெரியாத ஃபைல் சிஸ்டம்' என்று பதில். ரெஸ்க்யூ நிலையில் கிரப்புக்கு லினக்ஸ் பாஷை மட்டும்தான் தெரியும். 5-க்கும் அதே பதில், ஏனென்றால் ஸ்வாப்பில் ஃபைல் சிஸ்டமே கிடையாது. 6-ஐக் கேட்டதும் 'பூட்', 'ஈடிசி', 'ஹோம்' என்று பெயர்கள் கொட்டின. 'செட்' இரண்டு முறை, 'இன்ஸ்மாட் நார்மல்', பிறகு 'நார்மல்'. பட்டியல் வந்துவிட்டது. அதிலிருந்து லினக்ஸுக்குள் போய் 'கிரப் இன்ஸ்டால்' ஒரு தடவை கொடுத்ததும், புதிய எண் நிரந்தரமாகப் பதிந்தது. இவ்வளவு நேரமும் வட்டில் அவர் எழுதியது அந்தக் கடைசிக் கட்டளையில் மட்டும்தான். அதற்கு முன் செய்ததெல்லாம் வெறும் வாசிப்பு. நான் ரசிப்பது அந்த வரிசையைத்தான்: முதலில் முழுக்கப் படிப்பது, படித்து முடித்த பிறகு மிகக் குறைவாக எழுதுவது.

பாஸை அழித்துவிட்ட வீட்டு லேப்டாப் வந்தாலும் அவர் அப்படித்தான். விண்டோஸ் டிஸ்க்கைப் போட்டு முதல் செக்டாரை மட்டும் புதுப்பித்தால் விண்டோஸ் உடனே திறந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த லினக்ஸுக்குள் பிள்ளையின் பிராஜெக்ட் இருந்தால்? பார்ட்டிஷனை அழிக்கும்போது போவது அட்டவணையில் ஒரு பதிவுதான். உள்ளே எழுதியிருந்தது அதன் மேல் வேறொன்றை எழுதும்வரை அங்கேயே கிடக்கும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் வட்டை முழுக்கத் துழாவி, பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்டுபிடித்துப் பதிவைத் திரும்ப எழுதித் தரும். "அழிச்ச இடத்துல புதுசா எதுவும் காப்பி பண்ணீங்களா?" என்பதுதான் இவர் கேட்கிற முதல் கேள்வி. "ஃபார்மேட் அடிச்சிரலாமா?" என்ற கேள்விக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

பூட்லோடராவது கறுப்புத் திரை காட்டிச் சத்தம் போடும். ஸ்வாப் சத்தமில்லாமல் தொல்லை தரும். ரேம் போதாதபோது கெர்னல் பயன்படுத்திக்கொள்ளும் வட்டுப் பகுதி அது. ரேமைப் போல் இரண்டு மடங்கு ஒதுக்கு என்பது பழைய கணக்கு. உபுண்டு 17.04 முதல் தனிப் பார்ட்டிஷனுக்குப் பதில் ஸ்வாப் ஃபைல் போதும் என்று வந்துவிட்டாலும், பழைய மெஷின்களில் அது இன்னும் பார்ட்டிஷனாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடையாளம் முதல் 4096 பைட்டின் கடைசி 10 பைட்டில் இருக்கிறது: 'ஸ்வாப்ஸ்பேஸ்2' என்பதன் பத்து ஆங்கில எழுத்துகள். மெஷினை ஹைபர்னேட்டில் வைத்தால் ரேமில் இருந்ததெல்லாம் ஸ்வாப்புக்குள் போகும். அந்தப் பத்து எழுத்தின் இடத்தில் உறக்கத்தைக் குறிக்கும் வேறொரு முத்திரை ஏறும். இரண்டு லினக்ஸ்கள் ஒரே ஸ்வாப்பைப் பகிர்ந்துகொள்கிற மெஷினில் ஒன்றை உறங்கவைத்துவிட்டு மற்றதைத் திறப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

பகிர்வதில் இன்னொரு வம்பும் உண்டு. பட்டாசுக்கு அலுமினியப் பொடி தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி 1984-ல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் உட்படப் பல பொறியியல் கல்லூரிகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. மாணவர்கள் உபுண்டுவோடு நிற்பதில்லை. ஃபெடோராவோ டெபியனோ கூட ஒன்று ஏற்றிப் பார்ப்பார்கள். புதிதாக ஏறுகிறது ஸ்வாப்பைக் கண்டால் அதைத் திரும்ப ஃபார்மேட் செய்துவிடக்கூடும். உள்ளே பாதுகாக்க ஒன்றுமில்லை என்பதால் நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் யுயுஐடி என்ற அதன் நீண்ட அடையாள எண் மாறிவிடுகிறது. பழைய லினக்ஸ் தன் எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய எண்ணையே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வராத ஸ்வாப்புக்காக ஒன்றரை நிமிஷம் காத்து நிற்கிறது. "ஹார்ட் டிஸ்க் போயிருச்சு, மாத்தணும்" என்று இதற்கு வைத்தியம் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

வழக்கமான தீர்வு, புதிய எண்ணைக் கண்டுபிடித்து எஃப்எஸ்டேப்பில் திருத்துவது. டெபியன் வகையறா என்றால் ஹைபர்னேட்டிலிருந்து மீள்வதற்கான அமைப்பிலும் மாற்றி, தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தனியாக ஒரு அரை நிமிஷத்தைத் தின்னும். ஆனால் நான் பார்த்ததிலேயே அழகானது வேறு. 'எம்கேஸ்வாப்' கட்டளைக்கு ஒரு சின்ன விருப்பம் உண்டு: எந்த யுயுஐடி வேண்டும் என்று நாமே சொல்லலாம். பழைய எண்ணை எஃப்எஸ்டேப்பிலிருந்து பார்த்து, அதையே ஸ்வாப்புக்குத் திரும்பச் சூட்டிவிட்டால், பழைய லினக்ஸில் நாலு இடத்தில் கை வைக்க வேண்டியதில்லை. புதிதாக ஏறியதில் மட்டும் ஒரு வரி மாறும். வீட்டில் எல்லோரும் அழைக்கிற பெயரை அப்படியே இருக்கவிட்டு, பெயர் தெரியாத புதியவருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிற நிதானம் அதில் இருக்கிறது.

பழைய பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்த பிறகு 446 பைட் நெருக்கடி தீர்ந்தது. பூட்லோடர்கள் இப்போது ஒரு தனி ஃபேட் பார்ட்டிஷனுக்குள் சாதாரண ஃபைல்களாக அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. விண்டோஸ் அப்டேட் முடிந்து லினக்ஸ் காணவில்லை என்றால் பெரும்பாலும் முன்பின் வரிசைதான் மாறியிருக்கும். 2024 ஆகஸ்டில் வந்த அப்டேட் மட்டும் வேறு ரகம்: பாதுகாப்பு காரணமாகப் பழைய லினக்ஸ் பூட்லோடர்களின் நம்பகத்தையே ரத்து செய்து, பல இரட்டை மெஷின்களை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 8-லிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக டி டிரைவ் லினக்ஸில் எழுத முடியாமல் நிற்பதும், வன்பொருள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகுவதும் அன்றாடச் சங்கதிகள். தேர்ந்தவர்கள் ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்ததும் பேட்டரியைக் கழற்றப் போக மாட்டார்கள்.

அச்சகத்து மெஷின் எழுந்ததும் அந்தத் தம்பி கிளம்பிவிடவில்லை. வட்டின் முதல் செக்டாரைத் தன் பென் டிரைவில் பிரதி எடுத்தார். நீட்டிப்புக்குள் இருக்கும் பார்ட்டிஷன்களின் கணக்கு அதில் வராது என்பதால், அட்டவணை முழுவதையும் தனியே ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கிக்கொண்டார். மகனைக் கூப்பிட்டு ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார். பிரதி எடுக்கும்போது 512 பைட்டும் எடுக்கலாம். பூட்லோடர் கெட்டுப்போய்த் திருப்பி எழுதும்போது 446-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால், இடையில் பார்ட்டிஷன் மாறியிருக்கும் பட்சத்தில், பழைய அட்டவணை புதியதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.