அமைவுக் கோப்பின் அழகு

ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் கன்டெய்னர் முனையம் தொடங்கியபின், உள்ளிருக்கும் சரக்கு எதுவாயினும் பெட்டியின் அளவும் மூலைப்பிடியும் மாறாததால் எந்தக் கிரேனும் அதைத் தூக்கலாம் என்ற ஏற்பாடு வடசென்னைக்குப் பழகிப்போனது. மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைத் தொகுப்புகளையும் ஒன்றாகக் கட்டி பொருத்தமான எந்தக் கணினியிலும் இயக்கும் கணினிக் கன்டெய்னரும் அவ்வாறே செயல்படுகிறது. 2014-இல் கூகுள் வெளியிட்ட குபெர்னெடிஸ், இவற்றைப் பல கணினிகளில் பகிர்ந்து இயக்கி, ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்புகிறது. அதன்மேல் ஜூப்பிட்டர்ஹப்பை, அதாவது நிரலும் விளக்கமும் வரைபடமும் ஒரே பக்கத்தில் அமையும் குறிப்பேட்டை மாணவர் போன்ற பலருக்கும் உலாவி வழியே வழங்கும் சேவையகத்தை, நிறுவும்போது ரசிக்கத்தக்கது அதன் அமைவுக் கோப்பே.

யாமல் வடிவிலான (ஓர் இடைவெளி பிசகினாலும் பொருள் மாறிவிடக்கூடிய கறாரான வடிவம் இது) அக்கோப்பின் சில வரிகளிலேயே, நுழைவோர் யார், எந்த மென்பொருள் தொகுப்பு, எவ்வளவு வட்டு என்பன அடங்கிவிடுகின்றன. ஆயினும் அதன் நுட்பம், நினைவகத்திற்கு உறுதியளவையும் உச்சவரம்பையும் தனித்தனியே குறிப்பதில்தான் உள்ளது: உறுதியளவு மிகுந்தால் வாடகைக் கணினிகள் வீணே காத்திருக்கச் செலவு ஏறும், உச்சவரம்பு இல்லையெனில் ஒரு மாணவரின் பெருந்தரவு அதே கணினியிலுள்ள பிறரது வேலையையும் முடக்கும். ஒரு மணி நேரம் பயன்படாத கன்டெய்னர் தானே நிறுத்தப்பட்டாலும், தனி வட்டிலுள்ள கோப்புகள் அழிவதில்லை. தொடக்கத்தில் இயல்பாக அமைந்திருக்கும், எந்தக் கடவுச்சொல்லையும் ஏற்கும் சோதனை உள்நுழைவை மட்டும், மாணவரை அழைக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.