சிறு தீவுகளில் விழித்த கண்: இப்னு பதூத்தாவின் ரிஹ்லா குறித்து

இப்னு பதூத்தாவின் பெயரை நம் மேடைகளில் கேட்காத ஆண்டில்லை. மீலாது விழாவாயினும் இலக்கிய மாநாடாயினும், உலகம் சுற்றிய முஸ்லிம் என்று அவரைப் புகழ்ந்து, அவர் கடந்த தொலைவை மைல் கணக்கில் எடுத்துரைத்து அமர்ந்துவிடுகிறோம். மற்றொரு சாரார், கட்டுக்கதை மலிந்த நூலென்று அவருடைய பயண நூலை ஒதுக்கிவிடுகின்றனர். புகழ்வோரும் ஒதுக்குவோரும் பெரும்பாலும் நூலைப் படிப்பதில்லை. ஒரு நூலுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை, அதனைப் படித்து, நிறையை நிறையென்றும் குறையைக் குறையென்றும் உரைப்பதே ஆகும். அம்முறையில் அந்நூலின் ஒரு பகுதியை மட்டும், அதாவது நம் கடலை அடுத்த தீவுகளையும் கரைகளையும் பற்றிய பகுதியை மட்டும், இங்கே ஆராய விழைகிறேன்.

தன்ஜா நகரில் ஹிஜ்ரி 703இல் (கி.பி. 1304) பிறந்த அபூ அப்துல்லாஹ் முஹம்மது இப்னு பதூத்தா, ஹிஜ்ரி 725 ரஜபு மாதத்தில் (கி.பி. 1325) ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஊர் ஊராய்த் திரிந்தபின், மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி தம் நினைவுகளைச் சொல்ல, இப்னு ஜுஸைய் என்னும் அந்தலூசியப் புலவர் அவற்றை எழுத்தில் வடித்தார். சொல்லி முடித்த ஆண்டு ஹிஜ்ரி 756 (கி.பி. 1355). 'துஹ்ஃபத்துந் நுழ்ழார்' எனத் தொடங்கும் நீண்ட பெயரை விடுத்து, 'ரிஹ்லா' என்றே அதனை வழங்குகிறோம். ஆக, இந்நூலில் கண்டவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர். இதனை மறந்து படிப்போர் நூலின் தரத்தைச் சரியாக எடைபோட இயலாது.

திமிஷ்கு, மக்கா, மதீனா ஆகிய பெருநகரங்களைப் பற்றிய பக்கங்களை எடுத்துக்கொள்வோம். அவை அழகிய பக்கங்கள். ஆனால் பல இடங்களில் இரவல் பக்கங்கள். 1183 முதல் 1185 வரை பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து வரிவரியாக எடுக்கப்பட்டவை அவற்றில் மிகுதி. இதனைத் திருட்டென்று கூறுதல் அக்கால வழக்கை அறியாதார் கூற்று. முன்னோர் நன்றாகச் சொன்னதை மீண்டும் சொல்லுதல் அன்று குற்றமாகக் கருதப்படவில்லை. எனினும் இலக்கிய மதிப்பீட்டில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பக்கங்களில் இப்னு பதூத்தாவின் கண் நமக்குக் கிட்டுவதில்லை. இப்னு ஜுபைரின் கண்ணும் இப்னு ஜுஸைய்யின் எதுகை நடையுமே கிட்டுகின்றன. வோல்கா நதியை அடுத்த புல்கார் நகருக்கு அவர் உண்மையிலேயே சென்றாரா என்பதையும் ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர்.

திபத்துல் மஹல் என்று அவர் குறிப்பிடும் மாலத்தீவுகளுக்கு வந்ததும் நடை மாறிவிடுகிறது. அத்தீவுகளைப் பற்றி இரவல் வாங்குதற்கு அவர்முன் அத்தகைய நூல் இல்லை. கடலில் கொள்ளையர் கையில் சிக்கி உடைமைகளை இழந்தவர் அவர். புகாராவின் கல்லறைகளிலிருந்து தாம் படியெடுத்த குறிப்புகள் அவ்வாறு போயின என்று அவரே வருந்திச் சொல்கிறார். ஆகவே நினைவு ஒன்றே துணை. அந்நினைவு எதனைப் பற்றிக்கொண்டது என்று பாருங்கள். வீட்டு வாயிலில் ஒரு தண்ணீர்ச் சாடி. அதனருகே நீண்ட கைப்பிடியிட்ட கொட்டாங்கச்சி அகப்பை. வருபவர் காலைக் கழுவி, முரட்டுப் பாயில் துடைத்த பின்னரே உள்ளே செல்லும் வழக்கம். மீனை நான்காக அரிந்து, இலேசாக வேகவைத்து, ஓலைக் கூடையிலிட்டுப் புகையூட்டி உலர்த்தும் முறை. அதனை அவர் 'குல்புல் மாஸ்' என்கிறார். நம் வீட்டு மாசியின் பெயர் அதில் ஒலிப்பது நமக்குக் கேட்கிறது. தென்னை நார்க்கயிற்றால் தைத்த மரக்கலம் பாறையில் மோதினாலும் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணியடித்த கலமோ உடைந்துவிடும் என்று விளக்குகிறார். இவற்றை ஒருவர் அரண்மனையில் அமர்ந்து கேள்வியால் எழுத முடியாது.

சோழிகளைப் பற்றிய பகுதி இதனினும் சிறந்தது. அத்தீவினர் கடலில் பொறுக்கும் சோழியே அவர்தம் நாணயம். ஒரு பொன் தீனாருக்கு நான்கு லட்சம் சோழி. மலிவான காலத்தில் அதனினும் மிகுதி. அதே சோழியைப் பின்னர் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் தாம் கண்டபோது, ஒரு தீனாருக்கு 1,150 சோழியே கிடைத்தது என்று சேர்த்து எழுதுகிறார். வியப்புச் சொல் எதுவும் அங்கே இல்லை. இரண்டு எண்கள் மட்டுமே. ஒரு கடற்கரைச் சிறுவன் கூடையில் அள்ளும் பொருள், பாலைவனத்துக்கு அப்பால் எவ்வளவு உயர்ந்துவிடுகிறது என்பதை அவ்விரண்டு எண்களும் நமக்கு உணர்த்திவிடுகின்றன. இரு முனைகளையும் நேரில் கண்டவரால் மட்டுமே இவ்வாறு எழுத இயலும்.

இலங்கையில் பாவாத மலை ஏறிய பகுதியையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்பது நாள் கடல் தொலைவிலேயே அம்மலை புகைத்தூண் போலத் தெரிந்தது என்கிறார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் வேண்டியது, ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்த இடத்தைக் காணும் உதவி ஒன்றையே. மன்னர் பல்லக்கும் ஆளும் கொடுத்து, ஆண்டுதோறும் அங்கே செல்லும் நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் உடன் அனுப்பினார். வழியில் அட்டைக் கடி. அதற்கு எலுமிச்சம்பழத்தைப் பிழியும் மருத்துவம். பாறையில் தொங்கும் இரும்புச் சங்கிலிகள். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலியென்று பெயர். உச்சியில் பாதத்தின் அருகே பாறையில் குடைந்த குழிகளில் பிற சமயத்தார் பொன்னும் மணியும் காணிக்கை வைப்பர். ஏழை பக்கீர்கள் முந்திச் சென்று அவற்றை எடுத்துக்கொள்வர். தாங்கள் சென்றபோது எஞ்சியிருந்த சிறிதளவு மணியையும் பொன்னையும் வழிகாட்டிக்கே கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார். ஒரே தடத்தில் மூன்று வகை நம்பிக்கையினர் நடக்கும் அப்பகுதியில், எவரையும் இகழ்ந்து ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. அங்கே அவர் அதிகாரியல்லர். பிறர் துணையால் மலையேறும் ஸியாரத்துக்காரர்.

இனிக் குறைகளுக்கு வருவோம். மாலத்தீவில் அவர் காழியாக அமர்த்தப்பட்டார். அதன்பின் எழுதப்பட்ட பக்கங்களில் பார்வை குறுகிவிடுவதைக் காண்கிறோம். ஜும்ஆவுக்கு வராதவர்களை அடித்து ஊர்வலம் விட்டதைப் பெருமையோடு சொல்கிறார். ஒரு திருடனின் கையை வெட்ட ஆணையிட்டபோது, சபையிலிருந்த தீவினர் சிலர் மூர்ச்சித்து வீழ்ந்தனர் என்றும் எழுதுகிறார். அவர்கள் ஏன் மூர்ச்சித்தனர் என்று அவர் ஒரு கணமும் எண்ணவில்லை. அவர் வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இஸ்லாத்தை ஏற்ற மக்கள் அவர்கள், பள்ளிவாசல்களைப் பேணியவர்கள், சண்டையை விரும்பாத மென்மையினர் என்று அவராலேயே புகழப்பட்டவர்கள். பெண்கள் மேலாடை அணிய வேண்டுமென்ற ஆணையை நிறைவேற்ற முடியாமல் போனதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஷரீஅத்தைக் கற்றவன் என்ற முறையில் அவருடைய நோக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆயினும் ஹிக்மத்தும் நல்லுபதேசமும் முதற்படி என்று கற்ற ஒருவர், அப்படியைத் தாண்டிச் சென்றுவிட்டார் என்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

இதனினும் கசப்பான செய்தி ஒன்றுண்டு. அமைச்சருடன் மனத்தாங்கல் ஏற்பட்டு அத்தீவை விட்டு நீங்கியவர், இலங்கை வழியாக நம் மஅபர் கரைக்கு வந்து, மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானியிடம், மாலத்தீவுகளுக்குப் படை அனுப்புமாறு தூண்டினார். கப்பல்கள் ஆயத்தமாக இல்லாமையாலும், கொள்ளைநோயும் சுல்தானின் மரணமும் இடைப்பட்டமையாலும், பின்னர் அவரே காய்ச்சலுற்று ஊரைவிட்டுச் செல்ல விரும்பியமையாலும் அப்படையெடுப்பு நடக்கவில்லை. உப்பைத் தின்ற வீட்டுக்கு உலை வைக்கத் துணிந்த செயல் இது. இதனை நம் மேடைகளில் எவரும் சொல்வதில்லை. ஆனால் அவர் சொல்லியிருக்கிறார், மறைக்கவில்லை. இங்கேதான் இந்நூலின் மற்றொரு பெருமை தொடங்குகிறது.

அந்தக் கியாதுத்தீன் அவருக்குச் சகலர்; இருவரும் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் புதல்வியரை மணந்தவர்கள். உறவினர், புரவலர், முஸ்லிம் மன்னர் என மூன்று வகையாலும் காக்கப்பட வேண்டியவர். ஆயினும் சிறைப்பட்ட மக்களை அவர் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் விவரித்து, இத்தகைய இழிசெயலை வேறெந்த மன்னரிடமும் தாம் கண்டதில்லை என்றும், இதற்காகவே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்கிறார். நம் தமிழ் மண்ணில் நடந்த கொடுமைக்கு நம்மவர் ஒருவரே சாட்சி கூறியிருக்கிறார். வரலாற்றைப் பேசும்போது இப்பக்கத்தைத் தாண்டிச் செல்வோர், நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்கள் உறவினருக்கு எதிராயினும் சரியே, என்ற மறையின் கட்டளையைத் தாண்டிச் செல்கிறார்கள்.

அறபெழுத்துப் பயின்றோர்க்குச் சுவையான ஒரு சிக்கலும் இந்நூலில் உள்ளது. மாலத்தீவினரை இஸ்லாத்தில் சேர்த்தவர் மக்ரிபைச் சேர்ந்த அபுல் பரக்காத் அல்பர்பரி என்று பள்ளிவாசல் மரப்பலகையில் தாம் படித்ததாக எழுதுகிறார். தீவின் வரலாற்று நூலோ அப்பெரியாரைத் தப்ரீஸ் நகரத்தவர் என்கிறது. நுக்தா இடாத பழைய எழுத்தில் 'பர்பரி', 'தப்ரீஸி' என்ற இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறிது; பல் போன்ற ஒரு கோடு. எது சரியென்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். மேற்கிலிருந்து வந்தவர் கண்ணுக்கு மேற்கத்தியப் பெயரே தெரிந்தது என்று எண்ண இடமுண்டு.

இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். இப்னு பதூத்தாவின் பேச்சை மக்கள் பொய்யென்று ஐயுற்றபோது, அவ்வையத்தை அவர் அமைச்சர் ஃபாரிஸ் இப்னு வத்ராரிடம் கூறினார். அமைச்சரோ, சிறையிலேயே வளர்ந்த ஒரு சிறுவன் கதையைச் சொன்னார். அவன் கண்ட விலங்கு எலி ஒன்றே. ஆட்டைப் பற்றித் தந்தை எவ்வளவு விளக்கினாலும், அதனையும் எலியின் இனமாகவே அவன் கருதினான். கேட்போருக்காகச் சொல்லப்பட்ட கதை இது. ஆனால் பயணிக்கும் அது பொருந்தும். காழியின் இருக்கையில் அமர்ந்த இப்னு பதூத்தாவும் சில வேளைகளில் அச்சிறுவனாகவே இருந்தார்.

இறுதியாக ஒரு காட்சி. சில காலம் கழித்து அவர் மீண்டும் மாலத்தீவுக்குச் சென்றார். அங்கே தாம் விட்டுப்போன மனைவி ஒருத்தியிடம் அவருக்கு ஒரு மகன், வயது இரண்டு. அழைத்துச் செல்லும் எண்ணத்தோடு வந்தவர், குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது, அவன் அங்கேயே இருத்தல் நலமென்று கண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்து நாள் தங்கி, வங்கத்துக்குக் கப்பலேறினார். இதற்குமேல் அவர் ஏதும் சொல்லவில்லை. இப்னு ஜுஸைய்யும் கவிதை எதுவும் சேர்க்கவில்லை. முப்பதாண்டுப் பயணத்தின் விலை என்னவென்பதை இவ்வளவு குறைந்த சொற்களில் கூறிய இடம் இந்நூலில் வேறில்லை.

இன்று நம்மவர் எழுதும் பயண நூல்கள் பெருகியுள்ளன. விமானம், விடுதி, கோபுரம், கடைத்தெரு என்று அவை தொடர்கின்றன. பெருநகரங்களைப் பற்றிப் பிறர் எழுதியதே அவற்றிலும் மீண்டும் வருகிறது. நம் பயண எழுத்தாளர்களுக்கு ரிஹ்லாவிலிருந்து நான் எடுத்துக்காட்ட விரும்புவது திமிஷ்கின் பள்ளிவாசலை அன்று. தீவு வீட்டு வாயிலில் இருந்த கொட்டாங்கச்சி அகப்பையை. பெயர் தெரியாத கரைகளுக்குச் செல்லுங்கள். செல்லும்போது காழியாகச் செல்லாதீர்கள். கண்டதை எழுதுங்கள், நம்மவர் செய்த தவற்றையும், நாமே செய்த தவற்றையும் எழுதுங்கள். பூமியில் சுற்றிப் பார்க்கும்படி நமக்கு இட்ட கட்டளை, படிப்பினை பெறுவதற்காகவேயன்றிப் பெருமை பேசுவதற்காக அன்று. அத்தகைய பார்வையை அல்லாஹு தஆலா நம் எழுத்தாளர்க்கு அருள்வானாக.