ரத்தக்கட்டின் நிறங்கள்

கட்டில் காலில் இடித்த முழங்காலில் முதலில் செங்கறுப்பு; சில நாளில் ஓரத்தில் பச்சை; பிறகு மஞ்சள். உடலின் வேதியியல் இவ்வளவு வெளிப்படையாகக் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம்.

தோலுக்கடியில் கசிந்த சிவப்பணுக்களை மேக்ரோபேஜ்கள் என்ற துப்புரவு அணுக்கள் விழுங்குகின்றன. ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி அவற்றின் ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் வளையத்தை உடைக்க, பச்சை நிற பிலிவெர்டின் பிறக்கிறது. கூடவே இரும்பும் துளி கார்பன் மோனாக்சைடும். ஆம், அந்த நச்சு வாயுவேதான்! பிலிவெர்டின் பிறகு மஞ்சள் பிலிருபின் ஆகிறது.

ரத்தக்குழாய்க்குள்ளேயே சிவப்பணு உடைந்தால் கதை வேறு. தனித்துத் திரியும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்துக்கு ஆகாது. ஹாப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதம் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. மேக்ரோபேஜ் இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. பிடிக்கப் போன ஹாப்டோகுளோபினும் திரும்புவதில்லை. அதனால்தான் சிவப்பணுச் சிதைவைச் சந்தேகிக்கும் மருத்துவர், ரத்தத்தில் ஹாப்டோகுளோபின் குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

ஹீமோகுளோபினிலிருந்து பிரிந்து நழுவும் ஹீமுக்கு ஹீமோபெக்சின் என்ற இன்னொரு புரதம் காவல். மிஞ்சிய இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் எலும்பு மஜ்ஜைக்குக் கொண்டுபோகிறது, சுமார் 120 நாள் வாழப்போகும் புதுச் சிவப்பணுக்களுக்காக.